'பேங்க்' என்னும் ஆங்கிலச் சொல் – ஒப்புருமைக்குத் தக்க சான்றா?

1. முன்னுரை

பொருண்மையியலை அறிமுகம் செய்யும் பாடங்களில் ஒப்புருமை என்னும் கருத்தை விளக்க வேண்டிய இடம் வரும்போது பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுவது 'பேங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லாகும். ஆற்றின் கரையைக் குறிக்கும் 'பேங்க்' ஒன்று. பணத்தைச் சேமிக்கவும் கடன் பெறவும் உதவும் நிறுவனத்தைக் குறிக்கும் 'பேங்க்' மற்றொன்று. கரைக்கும் பணத்திற்கும் தொடர்பில்லை. எனவே இவை வடிவில் ஒத்து மூலத்தில் வேறுபட்ட இரு சொற்கள். தற்செயலாக ஒரே ஒலியைப் பெற்றவை. இவ்வாறு விளக்கம் முடிவடையும். மாணவர் அதனை எழுதிக்கொள்வர். தேர்விலும் அவ்வாறே எழுதுவர். இக்கட்டுரையாளரும் பல ஆண்டுகள் இவ்வாறே கற்பித்தவர்.

இவ்விளக்கத்தில் ஒரு பகுதி சரி. ஒரு பகுதி தவறு. இன்றைய ஆங்கிலம் பேசுவோர் இவ்விரு பொருள்களுக்கிடையே உறவு எதனையும் உணர்வதில்லை என்பது சரி. ஆயின் இவை மூலத்தில் தொடர்பற்றவை, தற்செயலாக ஒத்தவை என்பது தவறு. சொற்பிறப்பியல் அறிஞர் பெரும்பாலோர் இவ்விரண்டையும் ஒரே ஜெர்மானிய அடிச்சொல்லின் வழித்தோன்றல்களாகவே கொள்கின்றனர்.

இது ஓர் எடுத்துக்காட்டின் பிழை மட்டுமாயின் வேறொன்றைக் காட்டிவிட்டு மேற்செல்லலாம். ஆனால் இப்பிழை ஓர் அடிப்படைக் குழப்பத்திலிருந்து எழுகின்றது. சொல்லின் வரலாற்றையும் அச்சொல்லைப் பற்றிப் பேசுவோர் கொண்டுள்ள உணர்வையும் ஒரே அளவுகோலாகக் கருதுவதே அக்குழப்பம். அகராதியில் ஒரு வடிவத்தை எத்தனை தலைச்சொற்களாகப் பிரிப்பது என்னும் நடைமுறைச் சிக்கலும் இதனைச் சார்ந்ததே. ஆகவே இச்சொல்லின் வரலாற்றைச் சற்று விரிவாக ஆராய்ந்து, அதிலிருந்து பெறத்தக்க முடிவுகளை எடுத்துரைக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

2. ஆங்கிலத்துள் வந்த மூன்று வழிகள்

இன்றைய ஆங்கிலத்தில் 'பேங்க்' என எழுதப்படும் வடிவம் அம்மொழிக்குள் மூன்று வெவ்வேறு வழிகளில் வந்தது.

முதல் வழி வடக்கிலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடபகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் ஸ்காண்டினேவிய மக்கள் குடியேறினர். அவர்தம் மொழியிலிருந்து மேட்டு நிலம், சரிவு, நீர்நிலையின் விளிம்பு ஆகிய பொருள்களையுடைய சொல் ஆங்கிலத்திற் புகுந்தது. ஏறத்தாழ 1200 அளவில் இது எழுத்துச் சான்றுகளிற் காணப்படுகின்றது. பழைய டேனிய மொழியின் 'பாங்கெ', ஐஸ்லாந்திய மொழியின் 'பக்கி' ஆகியன இதன் உறவுச் சொற்கள். ஆற்றங்கரை, கடலடி மணல்திட்டு, திரண்டு நிற்கும் மேகம், குவிந்த பனி ஆகியவற்றைக் குறிக்கும் பொருள்கள் இவ்வழியில் விரிந்தவை. விமானம் திரும்பும்போது ஒருபுறம் சாய்வதைக் குறிக்கும் வினைப்பொருள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன்மீது வளர்ந்தது. வளைவில் சாலையை ஒருபுறம் உயர்த்தி அமைப்பதும் இச்சொல்லாலேயே சுட்டப்படும்.

இரண்டாம் வழி பிரெஞ்சு மொழியினூடாக வந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் 'பாங்க்' என்பது நீள் இருக்கையைக் குறித்தது. ஆங்கிலத்தில் இது படகிலே துடுப்பு வலிப்போர் அமரும் பலகையைக் குறித்துப் பின்னர்த் துடுப்பு வரிசையையும் குறிக்கலாயிற்று. வரிசை என்னும் கருத்தே முதன்மை பெற்றபின், இசைக்கருவியின் கட்டை வரிசை, விளக்குகளின் வரிசை, மின்விசைகளின் வரிசை, உயரமான கட்டடங்களில் அடுத்தடுத்து அமைந்த மின்தூக்கிகளின் வரிசை ஆகியனவும் இச்சொல்லாற் சுட்டப்பட்டன.

மூன்றாம் வழி இத்தாலியிலிருந்து வந்தது. இடைக்கால இத்தாலிய நகரங்களின் சந்தைகளில் நாணயமாற்றுவோர் நீண்ட பலகையொன்றை இட்டு அதன்மீது நாணயங்களைப் பரப்பித் தொழில் செய்தனர். அப்பலகை 'பாங்கோ' அல்லது 'பாங்கா' எனப்பட்டது. பலகையின் பெயர் தொழிலுக்கும், பின்னர்த் தொழில் நடக்கும் இடத்திற்கும், இறுதியில் நிறுவனத்திற்கும் ஆகிவந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது நேரடியாகவோ பிரெஞ்சு மொழி வாயிலாகவோ ஆங்கிலத்தை அடைந்தது. 1694இல் இங்கிலாந்து வங்கி நிறுவப்பட்டபோது இச்சொல் பலகையை முற்றிலும் மறந்துவிட்டிருந்தது எனலாம். 1937இல் சிகாகோ நகரின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்டு ஃபான்டஸ் என்னும் மருத்துவர் குருதியைச் சேமித்து வழங்கும் அமைப்பை ஏற்படுத்தி அதற்கு இச்சொல்லையே பெயராக்கினார். அதன்பின் கண், விதை, தரவு எனச் சேமித்து வழங்கத்தக்க எதற்கும் இச்சொல் பொருந்துவதாயிற்று. தேர்தல் வாக்குகளோடு இச்சொல்லைச் சேர்த்து வழங்கும் தொடர் இந்தியாவிலேயே உருவானது. சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றைப் பற்றி 1955இல் வெளிவந்த தம் கட்டுரையில் அத்தொடரைக் கையாண்டார். ஆங்கிலச் சொல்லொன்றின் பொருள் வளர்ச்சியில் இந்திய மண்ணுக்கும் பங்குண்டு என்பதை இது காட்டும்.

3. மூலம் ஒன்றா, மூன்றா?

மேற்காட்டிய மூன்று வழிகளுள் பின்னிரண்டும் ஒரே சொல்லைச் சார்ந்தவை என்பது வெளிப்படை. பிரெஞ்சு மொழியின் இருக்கையும் இத்தாலிய மொழியின் பலகையும் ஜெர்மானியக் குடிகளிடமிருந்து அம்மொழிகள் பெற்ற ஒரே கடன்சொல்லின் வடிவங்கள். மூல ஜெர்மானிய மொழிக்கு அறிஞர் மீட்டுருவாக்கியுள்ள வடிவம் 'பாங்கிஸ்' என்பது. இதே வடிவம் ஆங்கிலத்தில் வேற்றுமொழி எதன் துணையுமின்றி நேராக வளர்ந்து, உயிரும் மெய்யும் திரிந்து 'பெஞ்ச்' ஆயிற்று. எனவே 'பெஞ்ச்' என்பதும் பணநிறுவனமாகிய 'பேங்க்' என்பதும் உடன்பிறப்புகள். ஒன்று வீட்டிலேயே வளர்ந்தது, மற்றொன்று இத்தாலி சென்று திரும்பி வந்தது.

எஞ்சியிருப்பது கரையைக் குறிக்கும் வடக்குச் சொல். அதன் மூல ஜெர்மானிய வடிவம் 'பாங்கோன்' என மீட்டுருவாக்கப்பட்டுள்ளது. ஈற்றில் மட்டுமே வேறுபடும் இவ்விரு வடிவங்களும் ஓரடியிற் பிறந்தவை என்பதே பெரும்பான்மையோர் கொள்கை. மேடாக எழுந்து நீண்டு கிடப்பது என்பது பொதுப்பொருள். அது நிலமாயின் கரை அல்லது திட்டு. வீட்டில் அமரப் பயன்படுவதாயின் இருக்கை.

இப்பொருளுறவு ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு விளங்காமற் போகலாம். தமிழறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. மேட்டு நிலத்தை நாம் திட்டு என்றும் திட்டை என்றும் கூறுகிறோம். கடலிலும் ஆற்றிலும் எழுவது மணல்திட்டு. வீட்டு முகப்பில் மேடாக அமைந்து அமர்வதற்குப் பயன்படுவது திண்ணை. ஒலியாலும் பொருளாலும் இச்சொற்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதைக் காணலாம். இருக்கையின் பெயர் நிறுவனத்தின் பெயராவதும் நமக்குப் புதிதன்று. திண்ணையில் நடந்த பள்ளி திண்ணைப் பள்ளிக்கூடம் எனப்பட்டது; இத்தாலியப் பலகை ஒருபடி மேற்சென்று நிறுவனத்தின் முழுப்பெயராகவே ஆயிற்று. கிரேக்க மொழியில் மேசையைக் குறித்த 'திராபெசா' என்னும் சொல்லே இன்று பணநிறுவனத்தையும் குறிக்கின்றது. இத்தாலியச் சொல்லோடு பிறப்பால் உறவில்லாத ஒரு சொல்லிலும் இதே பொருள்மாற்றம் நிகழ்ந்துள்ளமை ஈண்டுக் கருதத்தக்கது.

இனி, 'பேங்க்' ஒரு சொல்லா, மூன்று சொற்களா என்னும் வினாவிற்கு வரலாறு என்ன விடை தருகின்றது? ஆங்கில மொழியின் எல்லைக்குள் நின்று நோக்கின் மூன்று. மூன்று காலங்களில், மூன்று மொழிகளிலிருந்து நிகழ்ந்த மூன்று தனித்தனி வருகைகள். மூல ஜெர்மானியத்தின் எல்லையில் நின்று நோக்கின் ஓரடி. எத்தனை ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வது என்பதை முன்னரே வரையறுக்காமல் மூலம் ஒன்றா வேறா எனக் கேட்பது பொருளற்றதாகிவிடுகின்றது. மூலம் என்னும் அளவுகோலுக்கு நிலையான அடித்தளம் இல்லை என்பதே 'பேங்க்' நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

4. உறவு மொழிகள் தரும் சான்று

ஓரடியில் வந்த இச்சொல்லை ஐரோப்பிய மொழிகள் வெவ்வேறு வகையிற் பகுத்துக்கொண்டுள்ளன. ஜெர்மன் மொழியில் இருக்கைக்கும் பணநிறுவனத்திற்கும் ஒருமையில் 'பாங்க்' என்னும் ஒரே வடிவம் வழங்குகின்றது. பன்மையில் இருக்கை 'பெங்கெ' என்றும், நிறுவனம் 'பாங்கென்' என்றும் பிரிகின்றன. மணல்திட்டைக் குறிக்கும் கூட்டுச்சொல்லின் பன்மை இருக்கையோடு சேர்கின்றது. பிரெஞ்சு மொழியோ இருக்கையையும் மணல்திட்டையும் மீன்கூட்டத்தையும் ஆண்பாற் சொல்லொன்றில் அடக்கி, பணநிறுவனத்தைப் பெண்பாற் சொல்லாகப் பிரித்து எழுத்திலும் வேறுபடுத்திவிட்டது.

ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் பிரிவினை இலக்கண வடிவில் வெளிப்படுகின்றது. அங்கு இரு சொற்கள் எனக் கூறுவதற்கு மொழியே சான்று தருகின்றது. ஆங்கிலத்தில் அவ்வடிவச் சான்று இல்லை. பன்மையும் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. ஆதலின் ஆங்கிலத்தில் இதனைப் பிரிப்பதற்கு வடிவமும் துணைசெய்யவில்லை. மூலமும் உறுதியாகத் துணைசெய்யவில்லை. எஞ்சுவது பேசுவோரின் பொருளுணர்வும் சொல் வழங்கும் சூழலுமே.

5. மறந்த உறவும் கற்பித்த உறவும்

பேசுவோரின் உணர்வு வரலாற்றோடு ஒத்துச்செல்லும் என எதிர்பார்க்க இயலாது. மூலத்தையும் உணர்வையும் தனித்தனியே வைத்து நோக்கின் நால்வகை நிலைகள் கிடைக்கும்.

முதலாவது, மூலமும் ஒன்று, உணர்வும் ஒன்று. மனிதரின் வாயையும் ஆற்றின் முகத்துவாரத்தையும் குறிக்கும் 'மவுத்' என்னும் சொல் இத்தகையது. இதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை.

இரண்டாவது, மூலமும் வேறு, உணர்வும் வேறு. எழுதுகோலைக் குறிக்கும் 'பென்' இறகு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டுப்பட்டியைக் குறிக்கும் 'பென்' பழைய ஆங்கிலச் சொல். ஒப்புருமைக்கு ஐயமற்ற எடுத்துக்காட்டு வேண்டுவோர் இதனையே காட்டலாம்.

மூன்றாவது, மூலம் ஒன்று, உணர்வு வேறு. 'பேங்க்' இவ்வகையினது. மாணவனையும் கண்ணின் கருமணியையும் குறிக்கும் 'பியூபில்' இதற்கு மற்றொரு சான்று. சிறுவன், சிறுமி, பொம்மை ஆகியவற்றைக் குறித்த இலத்தீன் சொற்குடும்பத்திலிருந்தே இரு பொருள்களும் தோன்றின. எதிரே நிற்பவர் கண்ணை உற்றுநோக்குங்கால் தம் உருவம் சிறு பொம்மையாய் அதில் தோன்றக் காண்பதால் கருமணிக்கு அப்பெயர் வந்தது. தமிழில் பாவை என்னும் சொல் பொம்மையையும் கண்மணியையும் குறிப்பதை அறிந்தவர் இவ்வுறவை எளிதில் உணர்வர். ஆங்கிலேய மாணவர் தம்மைக் குறிக்கும் சொல்லே தம் கண்ணிலும் இருப்பதற்குக் காரணம் காண இயலாது திகைப்பர்.

நான்காவது, மூலம் வேறு, உணர்வு ஒன்று. காதைக் குறிக்கும் 'இயர்' என்பதும் தானியக் கதிரைக் குறிக்கும் 'இயர்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள். ஒலி மாற்றங்களால் இவை ஒரே வடிவத்தை எய்தின. இன்று பேசுவோர் பலர் கதிரைச் செடியின் காது போன்றது எனக் கருதிக்கொள்கின்றனர். புளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட தம் நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். வரலாறு இரண்டாக வைத்ததைப் பேசுவோர் ஒன்றாக்கிவிட்டனர்.

மூன்றாம், நான்காம் வகைகள் இருக்கும்வரை மூலத்தைக் கொண்டு உணர்வைக் கணிக்கவோ, உணர்வைக் கொண்டு மூலத்தைக் கணிக்கவோ இயலாது. பாடக்குறிப்பின் பிழை இவ்விடத்திலேதான் நிகழ்கின்றது. கரைக்கும் பணத்திற்கும் தொடர்பு தோன்றவில்லை என்னும் உணர்விலிருந்து, ஆகவே மூலம் வேறு என்னும் வரலாற்று முடிவிற்கு அது தாவிவிடுகின்றது. ஜான் லயன்ஸ் தம் 1977ஆம் ஆண்டு நூலில் இவ்விரு அளவுகோல்களையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்திருப்பதும், 1995இல் வெளியிட்ட அறிமுக நூலில் 'பேங்க்' என்பதை ஒப்புருமைக்குச் சான்றாகக் கையாண்டிருப்பதும் அறிஞர் அறிந்தவை. இன்றைய ஆங்கிலத்தை மட்டும் விளக்கும் நோக்கில் அவ்வாறு கையாள்வதிற் குறையில்லை. மூலம் வேறு என்னும் காரணத்தை அதனோடு பிணைத்து வழங்குமிடத்தேதான் குறை உண்டாகின்றது.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. வரலாற்று உறவைக் கண்டவுடன் அதனையே சொல்லின் மெய்ப்பொருளாகக் கொள்ளும் ஆர்வம் அது. நொடித்துப்போனவரைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்' என்னும் சொல்லைப் பற்றிய கதை இதற்குத் தக்க சான்று. கடனைத் திருப்பித் தர இயலாத இத்தாலிய வணிகரின் பலகையை மற்றவர் உடைத்தெறிவர். அதனால் உடைந்த பலகை என்னும் பெயர் வந்தது என்பர். சொல்லமைப்பு அவ்வாறு இருப்பது உண்மை. இத்தாலியத் தொடரின் பொருள் அதுவே. ஆங்கிலத்தில் அதன் பிற்பகுதி இலத்தீன் வடிவத்தைத் தழுவித் திருத்தப்பட்டது. ஆனால் தொடரின் பொருளிலிருந்து, பலகையை உண்மையில் உடைக்கும் வழக்கம் இருந்தது என்று முடிவுகட்டுதல் வேறு. தமிழில் ஒரு கடை படுத்துவிட்டது என்கிறோம். கடை எங்கும் படுப்பதில்லை. உருவகமாக எழத்தக்க தொடருக்குச் சடங்கொன்றைக் கற்பித்துக் கூறுவது சுவையான கதையாகலாம், சான்றாகாது. வேர்ச்சொல் ஆராய்ச்சியில் ஈடுபடும் நாமும் மனங்கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது.

6. அகராதிகள் கண்ட வழிகள்

இச்சிக்கலை ஆங்கில அகராதிகள் ஒரே வகையில் தீர்க்கவில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி வரலாற்று முறையைத் தழுவியது. அது கரை, இருக்கை, பணநிறுவனம் ஆகியவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகத் தருகின்றது. சொல் ஆங்கிலத்துள் வந்த வழிகளை அளவுகோலாகக் கொண்டதால் இப்பகுப்பு முரணற்றது. மூலம் வேறு என்பதற்கன்று, வந்த வழி வேறு என்பதற்கே இது சான்றாகும்.

பேரளவு மொழித்தரவுகளைத் தொகுத்து, இன்றைய வழக்கை மட்டும் நோக்கி உருவானது 1987இல் முதலில் வெளிவந்த கோபில்டு அகராதி. அதன் பிற்காலப் பதிப்புகளில் 'பேங்க்' பொருட்களம் நோக்கிப் பகுக்கப்பட்டுள்ளது. பணமும் சேமிப்பும் ஒரு பிரிவு. நிலப்பகுதியும் திரள்களும் மற்றொரு பிரிவு. இதிலே ஆற்றங்கரை, மேகத்திரள், மின்விசை வரிசை ஆகிய மூன்றும் ஒரே பிரிவுள் அமைகின்றன. வரலாற்றின்படி முன்னிரண்டும் வடக்கு வழியின. மூன்றாவது பிரெஞ்சு இருக்கையின் வழியது. பேசுவோர் அவற்றை நீண்டு திரண்டு நிற்பன என்னும் ஒரே கருத்தால் இணைத்துக்கொண்டுள்ளனர் என்பது இதனாற் புலனாகும். வரலாறு வரைந்த எல்லைக்கோடும் வழக்கு வரையும் எல்லைக்கோடும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சொல்வலை என்னும் தரவுத்தளம் தலைச்சொற் பிரிவையே கைவிட்டுப் பெயரில் 10 பொருள், வினையில் 8 பொருள் எனத் தனித்தனியே எண்ணித் தருகின்றது. இங்கே ஒப்புருமை, பல்பொருண்மை என்னும் வேறுபாட்டிற்கே இடமில்லை.

இம்மூன்றும் தத்தம் நோக்கிற்கேற்பச் சரியானவை. வரலாறு அறிய விரும்புவோர்க்கு முதலாவதும், மொழியைக் கற்போர்க்கு இரண்டாவதும், கணிப்பொறி ஆய்விற்கு மூன்றாவதும் உதவும். ஒன்றின் பகுப்பை மற்றொன்றின் காரணத்தால் நியாயப்படுத்துவதே தவிர்க்கப்பட வேண்டுவது.

7. தொல்காப்பியம் காட்டும் அளவுகோல்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பகுக்கின்றது. உடன்வரும் வினையால் பொருள் வேறுபடுவன ஒருவகை. வினையால் வேறுபடாதன மற்றொரு வகை. முன்னதன் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுறும். பின்னதில் கூறுவோர் தாம் கருதியதை வெளிப்படையாகக் கிளந்து கூறுதல் வேண்டும். உரையாசிரியர்கள் இதற்கு 'மா' என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவர். மா காய்த்தது எனின் மரம். மா மேய்ந்தது எனின் விலங்கு. மா விழுந்தது எனின் எது விழுந்தது என்பது விளங்காது. மாமரம் எனவோ பிறவாறோ விரித்துச் சொல்ல வேண்டும்.

இப்பகுப்பில் மூலம் பற்றிய வினாவே எழவில்லை என்பது கருதத்தக்கது. சொற்பொருளின் காரணம் எளிதிற் புலப்படாது என்பதை உரியியலில் உணர்த்திய ஆசிரியர், பொருளைத் தெளிவதற்கு அக்காரணத்தை நாடாமல் வழக்கையும் சூழலையும் நாடியுள்ளார்.

இவ்வளவுகோலை 'பேங்க்' என்பதற்குப் பொருத்திப் பார்க்கலாம். 'பேங்க்' வெள்ளத்தால் அரிக்கப்பட்டது எனின் கரை. 'பேங்க்' வட்டியைக் குறைத்தது எனின் நிறுவனம். இவை வினையால் தெளிவன. படகு, நாணல் ஆகிய சொற்கள் அருகில் வரின் இனத்தால் தெளியும். 'பேங்க்'குக்குச் சென்றான் என்னும் தொடரில் வினை உதவாது. சார்பு நோக்கவேண்டும் அல்லது விரித்துச் சொல்லவேண்டும். பல்பொருண்மையா ஒப்புருமையா என்னும் வினாவிற்கு விடை காணாமலேயே பொருளைத் தெளிவதற்குரிய வழியை இப்பகுப்பு தந்துவிடுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் ஃபர்த் போன்றோர் சொல்லின் பொருளை அதனோடு சேர்ந்துவரும் சொற்களைக் கொண்டு அறிய முற்பட்டதும் இந்நெறியோடு ஒப்பிடத்தக்கது. எந்திர மொழிபெயர்ப்பில் இதன் தேவை தெளிவாக வெளிப்பட்டது. 1960இல் பார்-ஹில்லெல் என்னும் அறிஞர், பெட்டியொன்று 'பென்'னுக்குள் இருந்தது என்னும் கருத்துடைய எளிய தொடரை எடுத்துக்கொண்டு, அங்கே குறிக்கப்படுவது எழுதுகோலன்று, அடைப்பு என்பதை உலகறிவில்லாத எந்திரம் உணராது என வாதிட்டார். 2018 முதல் பரவிய கணிப்பொறி மொழி மாதிரிகள், ஒரு சொல்லுக்கு நிலையான ஒரே மதிப்பைத் தராமல், அது வரும் தொடரின் ஏனைய சொற்களை நோக்கி ஒவ்வோரிடத்தும் வேறு மதிப்பைக் கணிக்கின்றன. அவையும் மூலத்தை வினவுவதில்லை, சார்பையே நாடுகின்றன. இதனைக் கொண்டு தொல்காப்பியர் இவற்றையெல்லாம் முன்னரே கூறிவிட்டார் எனல் மிகையாகும். அவர் எடுத்துக்கொண்ட வினா சரியான வினா என்று கூறுவது மிகையாகாது.

8. தமிழில் வங்கி, வாங்கு, பெஞ்சு

இச்சொற்குடும்பம் தமிழுக்கும் வந்துள்ளது. அதுவும் மூன்று வழிகளில். ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து வகரமாகத் திரிந்து வங்கி ஆயிற்று. 'பெஞ்ச்' என்பது பெஞ்சு ஆயிற்று. போர்த்துக்கீசியரின் 'பாங்கோ' இருக்கைப் பொருளில் வாங்கு எனத் தமிழில் இடம்பெற்றது. இலங்கைத் தமிழில் இது இன்றும் வழக்கிலுள்ளது. யாழ்ப்பாணத்து மாணவர் அமரும் வாங்கும், சென்னை மாணவர் அமரும் பெஞ்சும், இருவர்தம் பெற்றோர் பணம் போடும் வங்கியும் ஒரே ஜெர்மானியப் பலகையின் மூன்று துண்டுகள். தமிழ் பேசுவோர் எவரும் இவ்வுறவை உணர்வதில்லை. உணர வேண்டிய தேவையும் இல்லை.

இங்கே சுவையான திருப்பம் ஒன்று உண்டு. தமிழில் வங்கி என்பது மேற்கையில் அணியும் வளைந்த அணிகலனின் பெயருமாகும். அது வளைவைக் குறிக்கும் சொற்களோடு இணைத்துக் கருதப்படுவது. அவ்வாறே வாங்கு என்பது பெறுதல், விலைக்குக் கொள்ளுதல், வளைத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் பழந்தமிழ் வினையுமாகும். அணிகலனாகிய வங்கிக்கும் பணம் போடும் வங்கிக்கும், வினையாகிய வாங்குக்கும் பள்ளிக்கூட வாங்குக்கும் எந்த எல்லை வரை சென்றாலும் உறவு இல்லை. ஒப்புருமைக்கு ஆங்கிலம் தரும் புகழ்பெற்ற சான்று வரலாற்றில் ஒப்புருமையன்று. அச்சொல்லே தமிழுக்கு வந்தபின் உண்மையான ஒப்புருமைக்குச் சான்றாகிவிட்டது. தமிழ் மாணவர்க்கு ஒப்புருமையைக் கற்பிக்க 'பேங்க்' என்பதை நாடவேண்டியதில்லை. வங்கி என்பதே போதும்.

ஆங்கிலச் சொல்லின் பொருள்கள் அனைத்தும் தமிழுக்கு வரவில்லை என்பதும் நோக்கத்தக்கது. பணநிறுவனப் பொருளும் அதன் விரிவுகளாகிய இரத்த வங்கி, கண் வங்கி, வாக்கு வங்கி ஆகியனவுமே வந்தன. கரை, திட்டு, வரிசை ஆகியவற்றிற்குத் தமிழில் சொற்கள் முன்னரே இருந்தன. கடன்வாங்கும் மொழி ஒரு சொல்லின் முழுவரலாற்றையும் வாங்குவதில்லை. தனக்கு வேண்டிய பொருளை மட்டுமே எடுத்துக்கொள்கின்றது. மொழிபெயர்ப்பவருக்கு இதுவே நடைமுறை உண்மை. கரையா வங்கியா என முடிவுசெய்ய அவர் நோக்குவது தொடரை, வேரையன்று.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகளாவன:

அ. 'பேங்க்' என்பதன் பொருள்கள் இன்றைய ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்களாக உணரப்படலாம். ஆயின் அவை தற்செயலாக ஒத்த சொற்கள் என்பது தவறு. ஓரடியிற் பிறந்து மூன்று வழிகளில் ஆங்கிலத்தை அடைந்தவை அவை.

ஆ. மூலம் ஒன்றா என்னும் வினா, எந்தக் காலத்து எல்லையில் நின்று கேட்கப்படுகின்றது என்பதைச் சார்ந்தது. ஆகவே ஒப்புருமைக்கு மூலத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளல் இயலாது.

இ. அகராதி தொகுப்போர் தம் பகுப்பு வரலாற்று வழியதா, வழக்கு வழியதா என்பதை முன்னுரையிலேயே தெளிவாக்கி, அதனையே இறுதிவரை கடைப்பிடித்தல் வேண்டும். சொற்பிறப்புக் குறிப்பைத் தருவது நன்று. அக்குறிப்பே பொருட்பகுப்பைத் தீர்மானித்தல் கூடாது.

ஈ. வகுப்பறையில் 'பேங்க்' என்பதை விலக்க வேண்டியதில்லை. மூலமும் உணர்வும் பிரிந்து செல்வதற்குச் சான்றாக அதனைக் காட்டின் அது முன்னினும் பயனுடைய எடுத்துக்காட்டாகும். ஐயமற்ற ஒப்புருமைக்கு 'பென்' என்பதையும் தமிழின் வங்கியையும் காட்டலாம்.

தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் எடுத்துக்காட்டுகளை எவரும் மீண்டும் சோதிப்பதில்லை. பழக்கமே அவற்றிற்குச் சான்றாகிவிடுகின்றது. மாணவர் ஒருவர் எழுந்து, இவ்விரண்டும் மூலத்தில் வேறு என்பதற்கு என்ன ஆதாரம் என வினவியிருப்பின், அகராதியொன்றைப் புரட்டிய அளவிலேயே இப்பிழை நீங்கியிருக்கும். அவ்வினாவை ஆசிரியரே முதலில் தம்மிடம் கேட்டுக்கொள்வது நலம் பயக்கும்.